ஒரு டார்ச்சுக்கு ஒரு பச்சை, ஒரு மஞ்சள்

"ஏன்க்கா, இதுல ஒருத்தன் தெனம் தெனம் சாப்புட்றான். இன்னொருத்தன் பொறக்கும்போதே ஒரே தபா சாப்ட்டுட்டு வந்துட்டான். ரெண்டு பேரையும் ஒரே வேலைக்கு அனுப்புனா, யாருக்கு மொதல்ல பசிக்கும்?"

மனித குல வரலாற்றில் இதைவிட ஆபத்தான கேள்வியை எந்தக் குழந்தையும் கேட்டதில்லை என்று துணிந்து சொல்லலாம். கேட்டவள் அகல்யா, இரண்டாம் வகுப்பு. கேட்ட இடம், ஆரணி நாகநதிப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கு. இரண்டு கூட்டம், ஒரு துணைக்குழு, ஒரு செயல்விளக்கம், பதினெட்டுப் பக்கத் தீர்மானம் எல்லாம் வைத்து ஒரு சங்கம் பாடுபட்டுத் தேட வேண்டிய விஷயத்தை, ஒரு சிறுமி தரையில் உட்கார்ந்து கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டால் நிர்வாகம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

ஆகவே அந்தக் கேள்வி தன் காதில் விழுந்ததாகச் சங்கம் கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை. காதில் வாங்கியவள் கிடங்கு எழுத்தர் கீதா ஒருத்திதான். அவள் தொகுப்பூதியக்காரி. அதனால் அது கணக்கில் வராது.

கீதாவின் முன்னால் அன்று எண்பது பேட்டரிகள் இருந்தன. எல்லாம் கட்டைவிரல் உயரம், கட்டைவிரல் பருமன். நாற்பதுக்கு மஞ்சள் சட்டை, நாற்பதுக்குப் பச்சைச் சட்டை. இரண்டும் லித்தியம். மஞ்சளை ஒருமுறை தீர்த்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டும். பச்சையைத் திரும்பத் திரும்பச் சார்ஜ் போடலாம். இவற்றைப் போட்டுக்கொள்ள நாற்பது டார்ச் லைட்டுகள் தனிப் பெட்டியில் வந்திருந்தன. ஒரு டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி.

டார்ச் எதற்கென்று கேட்பவர்கள் குழித்தறியில் உட்கார்ந்ததில்லை. தறிக்காரர் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கும் அந்தக் குழிக்குள் பட்டப்பகலிலும் இருட்டுதான். மிதிக் கயிறு அவிழ்ந்தாலும், இழை அறுந்து கீழே தொங்கினாலும் ஆரணி நெசவாளர்கள் இத்தனை நாளும் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தார்கள். இந்த அவலத்தைக் கண்டு மனம் இளகிய சங்கம், "ஒளிமிகு தறி" என்ற மாபெரும் திட்டத்தை அறிவித்தது. உறுப்பினர் தறி முப்பத்தெட்டு. ஆளுக்கொரு டார்ச். தலைவருக்கு ஒன்று. செயல்விளக்கத்துக்கு ஒன்று.

டார்ச் வாங்குவதில் ஒரு சிக்கலும் வரவில்லை. பேட்டரி வாங்குவதில்தான் இரண்டு இயக்குநர்களின் பொதுநலம் ஒரே நேரத்தில் பொங்கிவிட்டது. இயக்குநர் கந்தசாமியின் மைத்துனர் மஞ்சள் பேட்டரி விற்பவர். இயக்குநர் சந்தோஷின் மைத்துனர் பச்சை பேட்டரி விற்பவர். யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்பது தலைவர் வேலுவின் வாழ்க்கைக் கொள்கை. எனவே பாதிக்குப் பாதி வாங்கினார்.

"இருபது டார்ச்சுக்கு மஞ்சள், இருபதுக்குப் பச்சை. அவ்ளோதானேங்க தலைவரே?" என்று கீதா கேட்டாள்.

வேலு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்போ மஞ்சள் வாங்கின தறிக்காரன் வேற, பச்சை வாங்கின தறிக்காரன் வேறன்னு ஆயிடாதா? சங்கத்துல பிரிவினை வரலாமா கீதா? கூட்டத்துல வைக்கிறேன்."

அன்று மாலை டார்ச் பெட்டிக்குள் மடித்துக் கிடந்த துண்டுச் சீட்டைக் கீதா எடுத்தாள். எறும்பைவிடச் சிறிய எழுத்து. புடவையில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்கும் சிறு பூதக்கண்ணாடி ஒன்று கிடங்கில் உண்டு. அதை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். செய்தி மூன்றே வரி. இந்த டார்ச்சில் இரண்டும் மஞ்சளாகப் போடலாம். இரண்டும் பச்சையாகப் போடலாம். ஒன்றும் ஒன்றுமாகக் கலந்து போடவே கூடாது. போட்டால் ஒன்று முன்னால் தீர்ந்துவிடும். மற்றது அதை விடாமல் இழுக்கும். சூடேறி, புகைந்து, வெடிக்கலாம்.

அகல்யா கேட்டதும் அதுதானே என்று கீதாவுக்கு உறைத்தது. சீட்டை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அகல்யாவின் அம்மா அம்மணி, குழித்தறியில் டார்ச்சை எங்கே கட்டுவாள் என்று கீதாவுக்குத் தெரியும். முழங்காலுக்கு ஒட்டி. மேலே தறியில் தை மாத முகூர்த்தத்துக்கான கத்திரிப்பூ நிறப் புடவை பாதி நெய்த நிலையில் இருந்தது. நாற்பது நாள் வேலை. கீழே கால், மேலே பட்டு, நடுவில் டார்ச்.

அம்மணிக்கும் கீதாவுக்கும் இடையில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாதது. ஆறு வருடத்துக்கு முன்பு, கீதா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், மின்சாரம் போன ஒரு மதியம், மெழுகுவத்தி ஏற்றிப் புடவைகளை அடுக்கினாள். அம்மணி அப்போதுதான் கொடுத்திருந்த புடவையின் கரையில் மெழுகு சொட்டியது. ரசீது வாங்க நின்றிருந்த அம்மணி அதைப் பார்த்தாள். தர ஆய்வாளர் உள்ளே வந்து, "இது என்ன கறை?" என்று கேட்டார்.

"எங்கூட்டு வெளக்குல பட்டுச்சு சார். நான்தான் கெவனிக்கல," என்றாள் அம்மணி.

புடவை இரண்டாம் தரமானது. கூலியில் பிடித்தார்கள். வெளியே வந்து கீதா கையைப் பிடித்து அழுதபோது அம்மணி சொன்னது ஒன்றுதான். "புதுசா வேலைக்கு வந்த புள்ள. உன்னை அனுப்சிடுவாங்க. என்னை எங்க அனுப்புவாங்க? என் தறி எங்கூட்ல கீது." அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆறு வருடமாகக் கீதாவுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மன் முன்னால் நிற்கும்போது முதலில் ஞாபகம் வருவது அந்தக் கரைதான்.

திங்கட்கிழமை கூட்டம் கூடியது. நிகழ்ச்சி நிரலில் பொருள் ஆறு: மின்கலங்களுக்கிடையே இணக்கம் காணுதல். பொருள் ஏழு: கிடங்கு எழுத்தர் கீதாவின் பணி நிரந்தரம்.

"ஆறு முடிஞ்சாதான் ஏழு," என்று வேலு தொடக்கத்திலேயே கனிவோடு தெளிவுபடுத்தினார்.

கந்தசாமி கையில் ஒரு மஞ்சள் பேட்டரியை வைத்துக்கொண்டு எழுந்தார். "ஒரு விஷயம் சொல்லணும். எங்க பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் கிடையாதாமே? இது இன்னா நியாயம்? அதே லித்தியம்தானே? பச்சைக்கு ஒரு நீதி, மஞ்சளுக்கு ஒரு நீதியா?"

"அண்ணே, அது சார்ஜ்ல போட்டா வெடிச்சிடும்ணே," என்றார் சந்தோஷ்.

"வாய்ப்பு குடுத்துப் பார்த்தியா நீ? குடுக்காமலே வெடிக்கும்னு சொன்னா அதுக்கு எப்படி முன்னேற்றம் வரும்?"

கூட்டம் நெகிழ்ந்து போயிற்று. ஒரு உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது மூக்குப்பொடியால் என்று பிறகு தெரிந்தது.

அடுத்து, இரண்டும் சேருமா என்று ஜாதகம் பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். இது வேடிக்கைக்காகச் சொல்லப்பட்டதல்ல. கந்தசாமி உடனே கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தயாரிச்ச தேதி பக்கத்துலயே போட்டிருக்கான். அதான் பொறந்த தேதி. மஞ்சள் மார்கழி, பச்சை ஆவணி. பத்துல ஏழு பொருத்தம் வருது."

"ஆயுள் பொருத்தம்?"

"அதுதான் இதுல விசேஷம். எப்ப சாவும்னு கீழயே அச்சடிச்சிருக்கான். நம்ம ஜோசியருங்க கத்துக்கணும்."

கீதா துண்டுச் சீட்டை நீட்டினாள். "ஐயா, கலந்து போடக் கூடாதுன்னு இதுல இருக்குங்க. சூடாகி வெடிக்கும்னு…"

வேலு சீட்டை வாங்கித் தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார், திருப்பிப் பிடித்தார். "எங்கம்மா இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இழைக் கண்ணாடி வச்சுப் பாருங்க தலைவரே."

"முக்கியமான விஷயமா இருந்தா கொட்டை எழுத்துல போட்டிருப்பான் கீதா. பொடி எழுத்துல போட்டிருக்கான்னா அவனுக்கே சந்தேகம்னு அர்த்தம்."

கீதா சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டாள். அப்போதுதான் தலைவர் வேலு எழுந்தார். அவரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பதினைந்து வருடமாகத் தறியைத் தொடவில்லை என்றாலும், தறியை உதாரணமாகச் சொல்வதை விடவில்லை.

"உறுப்பினர்களே! தறியில நீளமா கட்டின ஒரு பாவு நெய்து முடிஞ்சா நாம இன்னா பண்றோம்? மொத்தத்தையும் அவுத்துப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிக்கிறமா? கிடையாது. பழைய பாவோட வால் நுனியை அச்சுல அப்படியே விட்டு வைக்கிறோம். புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் அதோட ஒவ்வொரு இழையில, விரல்ல சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்கிறோம். ஆயிரக்கணக்குல! அப்புறம் பழசு முன்னாடி போவும், புதுசு அது பின்னாடியே வரும். இதுதான் நம்ம பரம்பரை. பட்டுக்குப் பொருந்துற விஷயம் பேட்டரிக்குப் பொருந்தாதா?"

வேலு ஒரு கையில் பச்சையையும் மறு கையில் மஞ்சளையும் தூக்கிக் காட்டினார்.

"சந்தோஷோட பச்சை, சார்ஜ் போட்டுப் பார்த்தது. ஆக, பழசு. கந்தசாமியோட மஞ்சள், உறை பிரிக்காதது. ஆக, புதுசு. பழசோட வால்ல புதுசைப் பிணைச்சிடுவோம். ஒரு டார்ச்சுக்கு ஒரு பச்சை, ஒரு மஞ்சள்! யாருக்கும் மனத்தாங்கல் இல்லை!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. லித்தியம் என்ற ஒரு பொருளை உலகம் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் ஆராய்ந்திருக்கலாம். பாவு பிணைக்கிற சாம்பல் விரலால் அதைத் தொட்டுத் தீர்த்து வைத்தது ஆரணி மட்டும்தான்.

செயல்விளக்கம் அங்கேயே நடந்தது. நாற்பதில் ஒரு டார்ச்சில் கீதாவின் கையாலேயே ஒரு பச்சையும் ஒரு மஞ்சளும் போட வைத்தார்கள். விளக்கை எரியவிட்டு, வெள்ளிக்கிழமை டார்ச் வழங்கும் விழாவுக்கு வரப்போகும் கைத்தறித் துறைத் துணை இயக்குநருக்குப் போர்த்துவதற்காக மடித்து வைத்திருந்த பட்டுப் பொன்னாடையின் மேல் மரியாதையாகப் படுக்க வைத்தார்கள்.

முதல் ஐந்து நிமிடம் வெளிச்சம் பிரமாதம்.

"பாத்தியா கீதா? புருசன் பொஞ்சாதி மாதிரி கீதுங்க," என்றார் கந்தசாமி.

பத்தாவது நிமிடம் சந்தோஷ் டார்ச்சைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "லேசா சூடு."

"அன்யோன்யம்," என்றார் வேலு.

பதினைந்தாவது நிமிடம் டார்ச்சுக்குள் இருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு வெள்ளையாகப் புகை. பிறகு கண்ணைக் கரிக்கும் நெடி. சங்கத்தின் இயக்குநர் குழு முழுவதும், வயது வித்தியாசம் பாராமல், ஒரே கதவு வழியாக வெளியேறியது. அந்தக் கதவில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் நுழைந்தது அந்தச் சங்கத்தின் ஒற்றுமைக்கு ஒரு சான்று. கீதா மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு மரக்கட்டையால் டார்ச்சைத் தள்ளி, மூலையில் இருந்த தீயணைப்பு மணல் வாளிக்குள் விழ வைத்தாள். வெற்றிலைச் சாறு துப்புவதைத் தவிர அந்த வாளிக்கு அன்றுதான் முதல் வேலை.

புகை அடங்கியதும் எல்லோரும் உள்ளே வந்தார்கள். பொன்னாடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓரமெல்லாம் கருகி, தொட்டால் பொடிப் பொடியாக உதிர்ந்தது. அறை முழுக்க முடி கருகிய வாசனை.

எல்லோருக்கும் முகம் வெளிறியிருந்தது. ஒருவர் மட்டும் குனிந்து, சாம்பலை விரலில் எடுத்து நசுக்கி, முகர்ந்து பார்த்தார். கந்தசாமிதான்.

"முடி வாசனை. சாம்பல் பொடியா உதிருது. கொழுந்து விட்டு எரியல." அவர் விரலை எல்லோருக்கும் காட்டினார். "சுத்தப் பட்டு சார் இது! நைலான் ஒரு இழை கூட இல்ல!"

அறையில் மூச்சு திரும்பியது. பட்டு அசலா போலியா என்று பார்க்க ஒரு நூலைப் பிரித்து எரித்துப் பார்ப்பது ஆரணியில் எந்தக் கடைப் பையனுக்கும் தெரிந்த சோதனை. அதையே ஒரு பொன்னாடை அளவில் இதுவரை யாரும் செய்ததில்லை. நிகழ்ச்சிக் குறிப்பில் இப்படி எழுதப்பட்டது: "செயல்விளக்கத்தின்போது சங்கத்தின் பட்டு நூறு சதவிகிதத் தூய்மை வாய்ந்தது என்பது அறிவியல் முறையில் நிரூபணமாயிற்று. உறுப்பினர்கள் மகிழ்ச்சி தெரிவித்தனர்."

"அப்போ டார்ச் புகைஞ்சது?" என்று கீதா மெல்லக் கேட்டாள்.

வேலு யோசித்தார். தறிக்காரர் மூளை அவருக்கு மறுபடியும் கைகொடுத்தது. "நீ எதை முதல்ல போட்டே?"

"மஞ்சளைங்க."

"அங்கதான் தப்பு! பழசு முன்னாடி போவணும், புதுசு பின்னாடி வரணும். நீ பாவைத் தலைகீழா பிணைச்சிட்டே. இதுக்கெல்லாம் பேட்டரி பேஜார் பண்ணாம இன்னா பண்ணும்?"

தீர்மானம் திருத்தப்பட்டது. பச்சை முன்னால், மஞ்சள் பின்னால். மீதி முப்பத்தொன்பது டார்ச்சுகளையும் வெள்ளிக்கிழமைக்குள் இந்த வரிசையில் தயார் செய்ய வேண்டும். விழாவுக்கு முன்னால் கிடங்கு எழுத்தர் ஒரு "இணக்கச் சான்று" எழுதிக் கையெழுத்திட வேண்டும்: "இந்த டார்ச்சுகளில் உள்ள மின்கலங்கள் ஒன்றுக்கொன்று முற்றிலும் இணக்கமானவை என்று நேரில் சோதித்துச் சான்றளிக்கிறேன்."

"நான் எப்படிங்க தலைவரே இதுல கையெழுத்துப் போடறது?"

"ஆறுல போடு. ஏழு தானா வரும்," என்றார் வேலு. அவர் மிரட்டவில்லை. பிரசாதம் கொடுக்கிற குரலில்தான் சொன்னார்.

வியாழக்கிழமை அம்மணி பட்டு நூல் வாங்கக் கிடங்குக்கு வந்தாள். அகல்யாவும் கூடவே வந்தாள்.

"இன்னா கீதாம்மா, நாளைக்கு டார்ச் குடுக்கறாங்களாமே? ஜல்தி குடுங்கம்மா. குழிக்குள்ள ஒரு மிதி வேற லொடலொடன்னு ஆடிகினு கீது. செல்லை வாயில வச்சு வச்சுப் பல்லே தேஞ்சிடுச்சு."

"அம்மணிக்கா, அந்த டார்ச்சை… கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துக்கறீங்களா?"

"ஏம்மா? எல்லாருக்கும் குடுத்துட்டு என்னை மட்டும் வுட்றீங்களா?" அம்மணி சிரித்தாள். "எனக்கு வேணும்பா. முட்டிக்குக் கீழ கட்டிக்கினா ரெண்டு கையும் ஃப்ரீ. தைக்குள்ள அந்தப் புடவையை எறக்கலன்னா பொண்ணு வூட்டுக்காரங்க மணமேடையில என் தறியைத்தான் கட்டிக்கணும்."

"அக்கா," என்றாள் அகல்யா, "பசி வந்தவன் கூட இருக்கிறவனைக் கடிப்பானா?"

"ஏய், சும்மா இருடி. ஆபீஸ்ல வந்து இன்னா கேள்வி இது," என்று அம்மணி மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

கீதா அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள், சொல்லியும் பார்த்தாயிற்று. கையெழுத்துப் போடாவிட்டால் வேறு யாரையாவது போட வைப்பார்கள். டார்ச்சுகள் எப்படியும் போய்ச் சேரும். போட்டாலோ, அம்மணியின் முழங்காலுக்குக் கீழே அது 'உஸ்ஸ்' என்னும். "படவேட்டம்மா, எனக்கு நிரந்தரம் வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்ல. வேற ஏதாச்சும் வழி காட்டு," என்று வேண்டிக்கொண்டாள். சிறிய வேண்டுதல்களை அம்மன் சீக்கிரம் கேட்பாள் என்பது கீதாவின் நம்பிக்கை. பெரியவற்றுக்குத்தான் வரிசை நீளம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் ஒரு மணிக்கு அனைவருக்கும் விருந்து. மூன்று மணிக்கு விழா. இரண்டே முக்காலுக்குக் கீதா இணக்கச் சான்றில் கையெழுத்திட்டாள். வேலு ஆச்சரியப்பட்டார்.

"பரவால்லியே, மனசு மாறிட்டியா?"

"ஆமாங்க. நேர்ல சோதிச்சுட்டேன்."

துணை இயக்குநர், ஓட்டை தெரியாமல் உள்பக்கமாக மடிக்கப்பட்ட பொன்னாடையைத் தோளில் வாங்கிக்கொண்டு, நாற்பது நிமிடம் பேசினார். தலைவருக்கான டார்ச்சை அவரே வழங்கினார். அது அன்றே தலைவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, மேலே ஒரு சின்ன மாலையும் சாத்தப்பட்டது. முப்பத்தெட்டு தறிக்காரர்களும் வரிசையில் வந்து டார்ச் வாங்கினார்கள். கீதா ஒவ்வொருவரிடமும் மெல்ல ஒரு வார்த்தை சொன்னாள். "பச்சைப் பொட்டு ஒட்டினது வாங்கினவங்க வாரா வாரம் எங்கிட்ட கொண்டாங்க, சார்ஜ் போட்டுத் தர்றேன். மஞ்சப் பொட்டு வாங்கினவங்க தீந்ததும் சொல்லுங்க. உள்ள இருக்கறதை நீங்களா மாத்தாதீங்க." தறிக்காரர்கள் தலையாட்டினார்கள். கேள்வி கேட்க அவர்களுக்கு நேரமில்லை. வீட்டில் பாவு காத்திருந்தது.

பொருள் ஏழு ஏகமனதாக நிறைவேறியது.

அதன் பின் ஆறு மாதம் ஓடியது. ஒரு டார்ச்சும் சூடாகவில்லை. ஒன்றும் புகையவில்லை. அம்மணியின் கத்திரிப்பூப் புடவை தை பிறப்பதற்கு ஒன்பது நாள் முன்பே தறியிலிருந்து இறங்கி, முதல் தரம் வாங்கிக்கொண்டு மணமேடை ஏறியது.

சங்கம் இந்த வெற்றியைத் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஒரு மலராக அச்சடித்தது. அதில் தலைவர் வேலு எழுதினார்: "பழையதும் புதியதும் சேர்ந்து வாழ முடியாது என்று பொடி எழுத்தில் பயமுறுத்தியவர்களுக்கு, முப்பத்தொன்பது டார்ச்சுகளின் ஆறு மாத மௌனமே பதில்." கந்தசாமியும் சந்தோஷும் கைகோத்து நிற்கும் படம் அட்டையில் வந்தது. களம்பூர் அரிசி ஆலைக்காரர்கள் லாரி மூட்டைகளை எண்ணுவதற்கு டார்ச் வாங்கப் போகிறார்களாம். "ஆரணி முறை"யின் நகல் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். கீதா தீர்மானத்தின் நகலை அனுப்பினாள். அதன் மேல் அந்தத் துண்டுச் சீட்டைக் குத்தி, அதில் உள்ள மூன்று வரியையும் தன் கையால் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இப்படிச் சேர்த்தாள்: "முதலில் இதைப் படிக்கவும். பிறகு தீர்மானத்தைப் படிக்கத் தேவைப்படாது."

ஆறாவது தீர்மானத்தைப் போல முழு வெற்றி பெற்ற தீர்மானம் கூட்டுறவு வரலாற்றில் இன்னொன்று இருக்க முடியாது. அந்த வெற்றிக்குக் காரணம் ஒன்றே ஒன்று. அது ஒரு நாள்கூட நிறைவேற்றப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, பந்தியில் இலை போட்டார்கள் என்ற சத்தம் கேட்டதும், அலுவலகம் முழுவதும் எழுந்து ஓடியது. கந்தசாமி ஓடும்போதே சட்டைக் கையை மடித்துக்கொண்டார். கீதா கிடங்குக் கதவை உள்ளே தாழிட்டாள். தரையில் ஒரு பழைய புடவையை விரித்து, முப்பத்தொன்பது டார்ச்சையும் அவிழ்த்துக் கொட்டினாள். முப்பத்தொன்பது பச்சை. முப்பத்தொன்பது மஞ்சள். பச்சையோடு பச்சை, மஞ்சளோடு மஞ்சள் என்று ஜோடி சேர்த்தாள். பத்தொன்பது டார்ச்சுக்குப் பச்சை, பத்தொன்பதுக்கு மஞ்சள். ஒவ்வொன்றின் மேலும் அதற்கேற்ற நிறத்தில் ஒரு பொட்டு ஒட்டினாள். அவள் கைப்பைக்குள் எப்போதும் இருக்கிற நெற்றிப் பொட்டு அட்டைகள் அன்றைக்குத் தீர்ந்தன.

கடைசியில் ஒரு பச்சையும் ஒரு மஞ்சளும் ஜோடியில்லாமல் மிஞ்சின. ஒரு டார்ச்சும் மிஞ்சியது. கீதா கொஞ்சம் யோசித்தாள். இரண்டு பேட்டரியையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடினாள். டார்ச்சை அப்படியே வெறுமனே திருகி மூடி, "தலைவர்" என்று சீட்டு ஒட்டினாள். அதற்குள் எதுவுமே இல்லை என்பதை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாலை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்.

பிறகு அம்மணியின் டார்ச்சை எடுத்தாள். தயாரித்த தேதி ஒன்றாக இருந்த இரண்டு மஞ்சளை அதற்கென்று பொறுக்கிப் போட்டிருந்தாள். எரியவிட்டாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதைத் தன் இடது கன்னத்தில் ஒட்டி வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை பதினைந்தாவது நிமிடத்தில் புகைந்தது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்தபடி முப்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே சாம்பார் வாளி ஓடுகிற சத்தமும், "இங்க ஒரு வடை!" என்று சந்தோஷ் கத்துகிற சத்தமும் கேட்டன. கன்னத்தில் லேசான கதகதப்பு. தூங்கி எழுந்த குழந்தையின் கை அளவுக்கு. அதற்கு மேல் ஏறவில்லை.

டார்ச்சை அணைத்தாள். மூடியை இன்னொரு சுற்று இறுக்கினாள். அதைத் துடைத்து, "அம்மணி, குழித்தறி" என்று எழுதி, பெட்டியில் மற்றவற்றோடு வைத்தாள்.

தாழ்ப்பாளைத் திறந்து ஓடினாள். இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்டாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்த சமையல்காரர், "தீந்துடுச்சும்மா, தலைவரு ஆளுங்க ரெண்டாவது தபா உக்காந்துட்டாங்க," என்றார்.

யாருக்கு முதலில் பசிக்கும் என்ற கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. கீதா குழாயடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கையெழுத்துப் போடப் போனாள்.